ஆர்லிஸ் கூப்பிட்டால் கொயோட்டி வரும்

ஆர்லிஸ் ஹோவ்டனுக்குப் பேச்சு போனது பிப்ரவரியில். ஆட்டுக் கொட்டகையில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தவள் கையிலிருந்த கவைக்கோலை நழுவவிட்டாள். குனிந்து எடுக்கப் போனவள் நிமிரவில்லை. கணவன் வெர்லின் அவளைப் பிக்கப் வண்டியில் கிடத்தி, உறைபனியில் பாதி நாள் ஓட்டி மருத்துவமனையில் சேர்த்தான். ஏப்ரலில் வீடு திரும்பியபோது அவளிடம் நாலு கால் ஊன்றுகோல் ஒன்றும், சொன்னதில் பாதியை மட்டும் கேட்கிற வலது கையும், கீழே இறங்கிய வாயோரமும், ஒரே ஒரு சொல்லும் இருந்தன. அந்தச் சொல் 'காபி'.

பக்கவாதம் அடித்த மூளை சிலருக்கு இப்படிச் செய்யும். எல்லாச் சொற்களையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஒன்றை மட்டும் வாசலில் விட்டுவைக்கும். புத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆர்லிஸுக்கு எல்லாம் புரிந்தது, எல்லாம் நினைவிருந்தது. சொல்ல வாயைத் திறந்தால் காபிதான் வந்தது. கதவைச் சாத்து, மழை வருகிறது, உன் அக்கா போன் செய்தாள், எல்லாமே காபி. முதல் வாரம் முழுக்க வெர்லின் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய், புரையேறாமலிருக்கக் கெட்டிப் பொடி கலந்த காபியை ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தான். இரண்டாம் வாரம்தான் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்கப் பழகினான். சோர்ந்த காபி, கோபக் காபி, வேண்டவே வேண்டாம் என்கிற காபி என்று அவனுக்குப் பிடிபட்டது.

இன்னும் இரண்டு சங்கதிகள் அவளிடம் முழுசாக இருந்தன. பிறந்தநாள் பாட்டை அட்சரம் பிசகாமல் பாடுவாள். திட்டுவதும் சுத்தமாக வந்தது. அவை மூளையில் வேறு அலமாரியில் இருப்பவை. வாரம் இருமுறை பயிற்சி கொடுக்க வந்த பெண் இதைத் தெரிந்துகொண்டு, "பேச்சு வரலைன்னா பரவாயில்ல, குரல விட்றாதீங்க. மூச்ச இழுத்து நீளமா ஆ சொல்லுங்க, ஊ சொல்லுங்க," என்று பழக்கினாள். ஆர்லிஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டே தினமும் செய்தாள். தொட்டியில் நீர் குடிக்கும் மாடுகள் நிமிர்ந்து பார்க்கும்.

தென் டகோட்டாவின் மேற்கு மூலையில், மரங்களைவிட வேலிக்கம்பங்கள் அதிகமான அந்தப் புல்வெளிச் சீமையில், ஆர்லிஸைத் தெரியாதவர்கள் இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவள் என்பதால் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு, கொயோட்டியை வரவழைப்பவள் என்று தெரியும். கொயோட்டி நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது, இரண்டையும்விடத் தந்திரம் அதிகம். புதருக்குப் பின்னால் உட்கார்ந்து, சிறு பீப்பியை உதட்டில் வைத்து, அடிபட்ட முயல் வீறிடுவதுபோல ஆர்லிஸ் ஊதினால் மைலுக்கு அப்பாலிருந்து ஓடிவரும். சுலபமாக வராததை வரவழைக்க நிக்கல் என்ற நாயை வைத்திருந்தாள். பார்வைக் கௌதாரி வைத்துக் கௌதாரி பிடிப்பதுபோல இது பார்வை நாய். கொயோட்டியிடம் ஓடிப்போய் மூக்கைக் காட்டி, துரத்தவிட்டு, துரத்துகிறதைத் துப்பாக்கி இருக்கும் பக்கம் இழுத்து வருவதுதான் அதன் வேலை. வேட்டையில் பழுத்த ஆண்கள் பலர் இந்த இரண்டுக்காகவும் அவள்மீது பொறாமைப்பட்டார்கள்.

வீட்டில் ஆடுகள் அவளுடையவை. அம்மா வழியில் வந்த மந்தை. மாடுகள் வெர்லினுடையவை. சுற்றிலும் ஒவ்வொரு வீடாக ஆட்டை விற்றுவிட்டு மாட்டோடு நிறுத்திக்கொண்டபோதும் ஆர்லிஸ் நிறுத்தவில்லை. கொயோட்டிதான் மற்றவர்களை ஆட்டை விட வைத்தது. அவளிடம் அது நடக்கவில்லை.

இந்த வருஷம் நடந்தது. மே மாதம் குட்டிகளோடு ஆடுகளைப் புல்லுக்கு விட்டதுமே ஆரம்பித்துவிட்டது. கொயோட்டிகளும் வளையில் குட்டி போட்டிருக்கும் காலம் அது. அவற்றுக்கும் வீட்டில் வாய்கள் உண்டு. காலையில் வெர்லின் போய்ப் பார்த்தால், மடி கனத்துப்போன தாயாடு ஒன்று தனியாக நின்று கத்திக்கொண்டிருக்கும். குட்டி இருந்த சுவடே இருக்காது. சில நாள் இரண்டு ஆடுகள் கத்தும். அரசாங்க வேட்டைக்காரர் சிறு விமானத்தில் வந்து ஒரு நாள் சுற்றினார். ஆடுகள் மேயும் பள்ளத்தாக்கு முழுக்க ஜூனிபர் புதர். மேலிருந்து ஒன்றும் தெரியவில்லை என்று போய்விட்டார்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது வெர்லின் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அடுத்த வாரம் சனிக்கிழமை ஆட்டு யாவாரி லாரி அனுப்புறான். தாய், குட்டி மொத்தமா எடுத்துக்கறான்."

ஆர்லிஸ் அவனைப் பார்த்தாள்.

"ஒத்த ஆளா முடியல ஆர்லிஸ். மாட்டப் பாக்கணும், உன்னப் பாக்கணும். இதுல தினமும் கொயோட்டிக்கு நானே பந்தி வெச்ச மாதிரி இருக்கு."

"காபி."

"வேணாங்கற காபி. தெரியுது. ஆனா வேற வழி சொல்லு."

வழி சொல்ல அவளிடம் சொல் இல்லை. இருந்த ஒன்றை எடுத்தாள். "நாசமாப் போ," என்றாள், கணீரென்று.

"அது மட்டும் நல்லா வருது," என்று வெர்லின் மீண்டும் கரண்டியை எடுத்தான்.

அன்று மாலை ஆர்லிஸ் மேசை இழுப்பறையைத் திறந்து தன் பீப்பியை எடுத்தாள். உதட்டில் வைத்து ஊதினாள். வலது ஓரத்தில் காற்று ஒழுகியது. விரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்து ஊதினாள். கெட்டில் கொதிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. அடிபட்ட முயலுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை. பீப்பியைச் சுவரில் விட்டெறிந்தாள். கட்டிலடியில் படுத்திருந்த நிக்கல் வெளியே வந்து அதை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனது.

செய்தி கேள்விப்பட்டு மறுநாள் பக்கத்து நிலத்துக்காரன் டெல்வின் ராபே வந்தான். நல்லவன். வாய்தான் ஓயாது. குளிர்காலத்தில் ஊரில் நடக்கும் கொயோட்டி வேட்டைப் போட்டியில் வருஷா வருஷம் கலந்துகொள்கிறவன். கக்கத்தில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி வைத்திருந்தான்.

"பொத்தான அமுக்கினாப் போதும் வெர்லின். முயல் அழும், மான்குட்டி அழும். உன் மாமியார் அழறதும் இருக்கும், தேடிப் பாக்கணும்."

"அந்தம்மா அழுது நான் பாத்ததில்ல. என்னை அழ வெச்சுதான் பாத்திருக்கேன்."

"சரி, நாளைக்குக் காலைல போவோம். நான் சுடறேன். நீ சுட்டா கொட்டகைச் சுவத்தையே தவற விட்ருவ."

ஆர்லிஸ் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"நீ வீட்ல இரேன் ஆர்லிஸ். குளிரும்," என்றான் டெல்வின்.

"காபி," என்றாள் அவள்.

"வரேங்கறா," என்றான் வெர்லின்.

மறுநாள் விடிந்ததும் மூவரும் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். எல்லோரும் எப்போதும் நிறுத்துகிற அதே வேலி வாயிற்கதவருகே டெல்வின் பிக்கப்பை நிறுத்தினான். எல்லோரும் எப்போதும் உட்காருகிற அதே மேட்டில் ஆண்கள் இருவரும் போய் உட்கார்ந்தார்கள். ஆர்லிஸ் வண்டியிலேயே கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தாள். பெட்டியில் முயல் அழ ஆரம்பித்தது.

கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சரிவின் உச்சியில் ஒரு கொயோட்டி வந்து உட்கார்ந்தது. துப்பாக்கிக்கு எட்டாத தூரம். அந்தத் தூரத்தை அது அளந்துதான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அங்கிருந்து இவர்களைப் பார்த்து, ஊர்நாய் தபால்காரனைக் குரைப்பதுபோலக் குரைத்தது. பெட்டி முயல் அழ அழ, அது குரைத்தது. கொயோட்டி வேட்டைக்குப் போய் கொயோட்டியிடம் குரைப்பு வாங்குவதைவிட மானக்கேடு அந்தச் சீமையில் இல்லை. உன்னைப் பார்த்துவிட்டேன், எழுந்து வீட்டுக்குப் போ என்று அதற்கு அர்த்தம்.

"என்னையப் பாத்துக் குரைக்குது, சனியன்," என்றான் டெல்வின்.

"உன்ன அதுக்கு நல்லாத் தெரியும் போல. பேரச் சொல்லிக் குரைக்குது," என்றான் வெர்லின்.

வண்டியில் ஆர்லிஸின் காதுமடல் சிவந்தது. இந்த இரண்டு பேரும் செய்தது, ஊரே வருஷக்கணக்கில் செய்துகொண்டிருக்கும் தப்பு. கடையில் எல்லோரும் ஒரே பெட்டியை வாங்குகிறார்கள். அதில் எல்லோரும் ஒரே முயலை அழவைக்கிறார்கள். அதே வாயிற்கதவு, அதே வண்டிக்கதவுச் சத்தம், அதே மேடு. ஏமாந்தவை குளிர்காலத்திலேயே செத்துவிட்டன. மிச்சமிருக்கும் ஜோடிக்கு அந்த முயல் பழகிய ஆள். இது அவளுக்குத் தெரியும். சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பாள். சொல்ல முடியாத ஆத்திரத்தில் ஜன்னல் வழியே தலையை நீட்டி அந்தக் கொயோட்டியைத் திட்ட வாயைத் திறந்தாள்.

திட்டு வரவில்லை. ஊளை வந்தது.

அடிவயிற்றிலிருந்து, நீளமாக, மேலே ஏறி, நடுவில் உடைந்து, கீழே வழுக்கி, கரகரத்து அடங்கிய ஊளை. வெறும் வாயால் ஊளையிடுவதைக் குடிகாரர்களும் பையன்களும்தான் செய்வார்கள் என்று அங்கே வேட்டைக்காரர்களுக்குள் ஒரு எண்ணம். ஆர்லிஸும் ஊளைக்கு மாட்டுக்கொம்பு ஊதலைத்தான் பயன்படுத்துவாள். பிறந்ததிலிருந்து இப்படி வெறும் வாயால் செய்ததில்லை. அவளுக்கே முதுகு சிலிர்த்தது.

எதிர்ச் சரிவில் குரைப்பு சட்டென்று நின்றது. கொயோட்டி எழுந்து நின்றது. இவர்கள் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்தது. அதன் பின்னால் புதரிலிருந்து இன்னொன்று தலையை நீட்டியது. பிறகு காற்று திரும்பி மனித வாடை எட்டியதும் இரண்டும் மறைந்தன.

டெல்வின் வண்டிக்கு ஓடிவந்தான். "அது யாரு? இன்னொரு கொயோட்டியா? எந்தப் பக்கமிருந்து?"

ஆர்லிஸ் தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள்.

டெல்வின் வாய் திறந்தபடி நின்றான். அவன் வாய் திறந்தும் பேசாமலிருந்த அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

பின்னால் வந்த வெர்லின்தான் மெதுவாக யோசித்தான். "டெல்வின், அந்தக் கொயோட்டிக்கு நம்ம ஊர்ல எல்லாக் குரலும் தெரியும். உன் பெட்டி தெரியும், எல்லாரோட ஊதலும் தெரியும். இந்தக் குரல் தெரியாது. வாய் கோணிப்போய் வர்ற இந்தக் குரல் எங்கியும் கிடையாது."

"வெளியூர்க் கொயோட்டி வந்து வளைகிட்ட நின்னு சவால் விடற மாதிரி," என்றான் டெல்வின்.

"அதுவும் நோஞ்சான் வெளியூர்க் கொயோட்டி. ரெண்டு தட்டுத் தட்டினா ஓடிரும்னு தோணற மாதிரி."

ஆர்லிஸ் வெர்லினின் தோளில் கை வைத்தாள். ஆமாம் என்று சொல்லத் தேவையில்லாத காரியம் அது.

மறுநாள் முழுக்க ஆயத்தத்தில் போயிற்று. வந்தால் ஜோடியாக வரும். ஆர்லிஸின் ஊளையைக் கேட்டு நெருங்கி வந்தாலும், கடைசித் தூரத்தைச் சுற்றிவந்து வாடை பிடித்துவிடும். அதைச் சுற்றவிடாமல் நேராக இழுத்துவர நிக்கல் வேண்டும். அங்கேதான் சிக்கல். நிக்கலுக்குப் போகச் சொல்ல ஒரு சொல், திரும்பிவரச் சொல்ல ஒரு சொல், அவசரத்துக்கு ஒரு சீட்டி. மூன்றும் ஆர்லிஸின் வாயில் இல்லை. திரும்பிவா என்று சொல்ல முடியாவிட்டால் இரண்டு கொயோட்டிகள் சேர்ந்து நாயைக் கிழித்துப் போட்டுவிடும்.

வெர்லின் முற்றத்தில் நின்று அந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்தான். நிக்கல் அவனை, காப்பீடு விற்க வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் காதைச் சொறிந்தது.

"ஒழுங்கா வேல செய்ய மாட்டேங்குது. பிப்ரவரியோட ஓய்வு வாங்கிருச்சு."

ஆர்லிஸ் நாற்காலியிலிருந்து எழுந்து படியில் வந்து நின்றாள். தாழ்ந்த குரலில், இழுத்து, "காபீ..." என்றாள்.

நிக்கலின் உடம்பு வில்லாக வளைந்தது. அம்புபோலப் பாய்ந்து வேலியைத் தாண்டிப் புல்லுக்குள் மறைந்தது.

வெர்லின் தொப்பியைக் கழற்றினான்.

அவள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு சுருக்கென்று, கத்திரி வெட்டுவதுபோல, "காபி!" என்றாள். நாய் வந்த வழியே திரும்பி அவள் காலடியில் வந்து நின்று வாலை ஆட்டியது.

"இத்தன வருஷமா நீ சொன்ன வார்த்தைய அது கேக்கவே இல்ல போலயே," என்றான் வெர்லின். "உன் தொண்டையத்தான் கேட்டிருக்கு."

அன்று பல தடவை அதையே செய்து பார்த்தார்கள். ஒரு தடவையும் பிசகவில்லை.

அடுத்த கேள்வி அங்கே எப்படிப் போவது. வண்டிச் சத்தம் கேட்டால் கதை முடிந்தது. பள்ளத்தாக்கின் பின்பக்கமாக, காற்று முகத்தில் அடிக்கும்படி, மேட்டைச் சுற்றி நடந்து போக வேண்டும். ஊன்றுகோலோடு ஆர்லிஸ் வாசலிலிருந்து தபால்பெட்டிவரை போய்வந்தாலே மூச்சு வாங்கும். வெர்லின் கொட்டகைக்குள் போய், பனியில் கன்றுக்குட்டி இழுக்கிற பிளாஸ்டிக் சறுக்குத் தொட்டியைத் தூக்கி வந்து அவள் முன் போட்டான். குளிர்காலத்தில் பிறந்து நடுங்கும் கன்றை அதில் போட்டுத்தான் வீட்டு அடுப்பருகே கொண்டுவருவார்கள்.

ஆர்லிஸ் அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மிகத் தெளிவான, அச்சில் போட முடியாத ஒரு சொல்லைச் சொன்னாள்.

"கழுவிட்டேன்," என்றான் வெர்லின். "போர்வையும் போடறேன்."

யார் சுடுவது என்ற பேச்சு வந்தபோது டெல்வின் தன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு தயாராக வந்திருந்தான். ஆர்லிஸ் தலையை ஆட்டினாள். ஊன்றுகோலை வெர்லின் பக்கம் நீட்டினாள்.

"அவனா? ஆர்லிஸ், உனக்குக் கண்ணும் போயிருச்சா?"

ஆர்லிஸ் தன் உதட்டின்மேல் விரலை வைத்து, பிறகு டெல்வினின் வாயைச் சுட்டிக் காட்டினாள்.

"நீ பேசிக்கிட்டே இருப்பியாம்," என்றான் வெர்லின்.

"நான் எங்க பேசறேன்? நான் பேசறவனா? எங்க வீட்ல கேட்டுப் பாரு, நான் வாயே..." என்று டெல்வின் தொடங்கி, அவர்கள் இருவரின் முகத்தையும் பார்த்து, துப்பாக்கியை உறையில் போட்டான். "சரி. நான் ரோட்ல நிக்கறேன். ஆம்புலன்ஸ் கூப்பிட ஆள் வேணும்ல."

சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. லாரி வராது என்று யாரும் சொல்லவில்லை. விடியும் முன் கிளம்பினார்கள். வெர்லின் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தான். பனித்துளி நனைத்த புல்மேல் தொட்டி சத்தமில்லாமல் வழுக்கியது. ஆர்லிஸ் போர்வைக்குள் ஊன்றுகோலையும் தன் பழைய துப்பாக்கியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிக்கல் பக்கத்தில் நடந்தது. மேட்டுச் சரிவில் வெர்லினுக்கு மூச்சு இரைத்தது. நின்று குனிந்து அவள் காதில், "குளிர்காலத்துல சாப்பாட்டக் குறைச்சிருக்கலாம்," என்றான். அவள் இடது கையால் அவன் காதைத் திருகினாள். அந்தக் கையில் பலம் குறையவில்லை.

ஜூனிபர் புதர் ஒன்றின் நிழலில் தொட்டியை நிறுத்தினான். முதுகுக்குப் புதர். காற்று நேர் முகத்தில். வெர்லின் அவள் வலப்பக்கம் உட்கார்ந்து, குறுக்குக் கட்டிய இரண்டு குச்சிகளின்மேல் துப்பாக்கியைச் சாய்த்தான். குழலின் நுனி ஆடியது. ஆர்லிஸ் அதைப் பார்த்தாள். அவன் முழங்கையைப் பிடித்து அவன் முழங்கால்மேல் ஊன்றி வைத்தாள். ஆட்டம் நின்றது.

வெளிச்சம் புல்நுனிக்கு வந்ததும் மூச்சை அடிவயிறுவரை இழுத்தாள்.

ஊளை பள்ளத்தாக்கில் இறங்கிப்போய் எதிர்ச்சரிவில் மோதியது. உடைந்த இடத்தில் உடைந்தது, கரகரத்த இடத்தில் கரகரத்தது. பதில் உடனே வந்தது. இரண்டு குரல்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கொதித்து. முன்பு கேட்ட குரைப்பு இல்லை. எங்கள் வீட்டு வாசலில் யாரடா நீ என்கிற சத்தம். ஆர்லிஸ் இன்னொரு தடவை விட்டாள். இந்தத் தடவை கொஞ்சம் கெஞ்சலாக, பயந்ததுபோல. அந்த மாதிரிக் குரலைப் பயிற்சி கொடுக்க வந்த பெண் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

சரிவில் இரண்டு சாம்பல் நிறப் புள்ளிகள் நகர்ந்தன. பிறகு ஒதுங்கி, காற்றின் பக்கம் வளையத் தொடங்கின. சுற்றப் பார்க்கின்றன.

"காபீ..." என்றாள் ஆர்லிஸ், மூச்சுக்குள்.

நிக்கல் போயிற்று. நேராகப் போய், அவை பார்க்கும்படி ஒரு மேட்டில் நின்று, திரும்பி ஓடுவதுபோலப் பாவனை செய்து, மறுபடி நின்றது. கொயோட்டிகளுக்கு அது போதும். வளையத்தை மறந்து இரண்டும் நாயின்மேல் பாய்ந்தன. நிக்கல் ஓடியது. ஆனால் அவள் பக்கம் வரவில்லை. நாய் பல மாதம் வேலை செய்யாதது. துரத்தலின் சந்தோஷத்தில் பள்ளத்தின் குறுக்கே ஓடிற்று. பெரிய கொயோட்டி அதன் பின்னங்காலை எட்டிக் கடித்தது. நாய் கத்தியது.

வெர்லின் அவளைப் பார்த்தான். மூக்குக்கண்ணாடியில் அவன் மூச்சே படிந்திருந்தது.

"காபி!"

கத்திரி வெட்டு. நிக்கலின் காது மடிந்தது. ஒரே திருப்பத்தில் திரும்பி, இரண்டு கொயோட்டிகளையும் வாலுக்குப் பின்னால் கட்டி இழுத்ததுபோல, நேராக அவள் மடியை நோக்கி ஓடிவந்தது. ஆர்லிஸ் கையை நீட்டி வெர்லினின் கண்ணாடியைப் பிடுங்கி, தன் சட்டையில் துடைத்து, திரும்ப மாட்டினாள். மாட்டியது கோணலாக இருந்தது. போதுமானதாகவும் இருந்தது.

நாய் தொட்டியைத் தாண்டிக் குதித்தது. பெரிய கொயோட்டி இவர்களைக் கண்டு நான்கு காலையும் ஊன்றி நின்ற கணத்தில் வெர்லின் சுட்டான். அது நின்ற இடத்திலேயே விழுந்தது.

இரண்டாவது, பெண், திரும்பி ஓடியது. வெர்லின் சுட்டான். மண் தெறித்தது. அது சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் அவ்வளவுதான். இந்த இடத்தையும் இந்த ஊளையையும் அது சாகும்வரை மறக்காது. இனி யார் கூப்பிட்டாலும் வராது. சனிக்கிழமை லாரி வரும்.

ஆர்லிஸ் உதட்டின் கோணலை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்லிசாக, விட்டுவிட்டு, அடிபட்ட கொயோட்டிக்குட்டியின் கீச்சலை எழுப்பினாள்.

பெண் கொயோட்டி நின்றது. திரும்பிப் பார்த்தது. தாய்க்கு அந்தக் குரலைத் தாண்டிப் போகக் கால் வராது. ஆர்லிஸுக்கு அது தெரியும். காலைதோறும் மடி கனத்துக் கத்திய தன் ஆடுகளை அவள் ஜன்னலிலிருந்து கேட்டிருக்கிறாள். தெரிந்துதான் கூப்பிட்டாள். வெர்லின் இந்தத் தடவை மெதுவாக, முழங்கையை முழங்காலில் ஊன்றிச் சுட்டான்.

வெர்லின் துப்பாக்கியைக் கீழே வைத்தான். நிக்கல் காலை நக்கிக்கொண்டது. ஆர்லிஸ் அதை இழுத்து, காயத்தைப் பிரித்துப் பார்த்தாள். ஆழமில்லை. தன் கழுத்துத் துணியை ஒரு கையாலும் பல்லாலும் இழுத்துக் கட்டினாள்.

துப்பாக்கிச் சத்தங்களை எண்ணிக்கொண்டே டெல்வின் ரோட்டிலிருந்து மேடேறி இறங்கி ஓடிவந்தான். கிடந்த இரண்டையும் பார்த்தான். பிறகு தொட்டியில் ராணிபோல உட்கார்ந்திருந்த ஆர்லிஸைப் பார்த்தான்.

"இதுலயா கூட்டிட்டு வந்த? கல்யாணத்தன்னிக்குக் கூட இவளத் தூக்காம ஓடினவன்டா நீ."

"அன்னிக்குச் சறுக்கற புல்லு இல்ல," என்றான் வெர்லின். அவள் பக்கத்தில் புல்மேல் உட்கார்ந்துகொண்டான்.

வளையில் இருந்தவற்றை டெல்வின் மதியம் மண்வெட்டியோடு போய் முடித்துவிட்டு வந்தான். அதைப் பற்றி அங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. அரைகுறையாக விடுவதும் இல்லை.

மறுநாள் காலை ஆர்லிஸ் வெர்லினுக்கு முன்பே எழுந்து ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள். ஆடுகள் மேய்ந்தன. ஒவ்வொரு குட்டியும் தன் தாயின் வயிற்றில் முட்டியது. கத்தல் இல்லை. அடுத்த நாளும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை வெர்லின் தொலைபேசியை எடுத்து வியாபாரியைக் கூப்பிட்டான்.

"லாரி வேணாம்... இல்ல, விலை பேசறதுக்கில்ல. வேற யாருக்கும் குடுக்கவும் இல்ல. ஆடு என்னோடது இல்லங்க. அவளோடது. கேக்காம நான் சொன்னது என் தப்பு." அந்தப் பக்கம் என்னவோ நீளமாகக் கேட்டது. "ஆமா, படுத்திருக்கான்னுதான் சொன்னேன். இப்ப எந்திரிச்சுட்டா."

சனிக்கிழமை லாரி வர வேண்டிய நேரத்தில் முற்றத்தில் மூன்று பிக்கப்கள் நின்றன. ஒன்று டெல்வினுடையது. மற்ற இரண்டும் தெற்கே இன்னும் ஆடு வைத்திருக்கும் நிலங்களிலிருந்து வந்தவை. மூவரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நான்தான் முதல்ல வந்தேன்," என்றான் டெல்வின். "என் பக்கத்துல ஒரு கொயோட்டி ஜோடி, கோழியைக்கூட விட்டு வைக்கல."

"உனக்குத்தான் பெட்டி இருக்கே," என்றான் ஒருவன்.

"பெட்டியப் பத்திப் பேசாத."

ஆர்லிஸ் மூவரையும் அவசரமில்லாமல் பார்த்தாள். தெற்கிலிருந்து வந்த இருவரும் சின்ன வயதில் அவள் பேருந்தில் ஏறி இறங்கியவர்கள். யார் சண்டைக்காரன், யார் சாப்பாட்டு டப்பாவைத் திருடியவன் என்று அவளுக்குத் தெரியும். தெற்கிலிருந்து வந்த இரண்டாமவனைக் கையால் காட்டினாள். அவனிடம்தான் ஆடு அதிகம், ஆளும் குறைவு.

"அவனா? நான் பக்கத்து வீட்டுக்காரன்," என்றான் டெல்வின்.

"நீ அடுத்த வாரம்," என்றான் வெர்லின். "வாய மூடிட்டு இருந்தா."

ஆர்லிஸ் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள். வெர்லின் கை கொடுக்க வந்தான். வேண்டாமென்று தள்ளிவிட்டு, நிக்கலுக்குப் பின்னால், அவர்கள் எல்லோருக்கும் முன்னால், வாசலைத் தாண்டி முற்றத்தில் இறங்கினாள்.